கோச் கத்தும்போது ரெஃப்ரி என்ன செய்ய வேண்டும்?

நியூ ஜெர்சிப் பக்கம் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரில் காலேஜ் டீமில் பாஸ்கெட்பால் ஆடியவர். இந்த சீசனில் ஹைஸ்கூல் ரெஃப்ரியாகப் பதிவு செய்து ஃப்ரெஷ்மன் (ஒன்பதாம் வகுப்பு), ஜேவி (ஸ்கூலின் இரண்டாம் நிலை டீம்) மேட்ச்களுக்கு விசில் பிடிக்கிறார். "ரூல் புக் படித்துவிட்டேன், ஓடவும் முடிகிறது, ஆனால் பெஞ்சிலிருந்து கோச் கத்த ஆரம்பித்தால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன வாரம் ஒருவர் மூன்றாவது குவார்ட்டர் முழுக்க 'யூ ஆர் கில்லிங் அஸ்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காதில் விழாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன். டெக்னிக்கல் கொடுத்திருக்க வேண்டுமா? கொடுத்தால் திமிர் பிடித்தவன் என்பார்கள், கொடுக்காவிட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்கள்" என்கிறார்.

டெக்னிக்கல் என்றால் மோசமான நடத்தைக்குக் கொடுக்கிற ஃபவுல். கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு குவார்ட்டர் முழுக்க அவரைப் பேசவிட்ட பிறகு கொடுப்பது கிட்டத்தட்டக் கொடுக்காத மாதிரிதான், ஏனென்றால் ஏழு நிமிடம் அனுமதித்ததை எட்டாவது நிமிடம் தண்டித்தால் அவருக்கும் புரியாது, பார்க்கிறவர்களுக்கும் புரியாது. நடுவில் செய்ய வேண்டிய சில காரியங்கள் விட்டுப்போயிருக்கின்றன. டெக்னிக்கலை ஆத்திரத்தின் முடிவாக நினைப்பதால்தான் அவை விட்டுப்போகின்றன. டிராவலிங் (பந்தைத் தட்டாமல் நடப்பது) நடந்தால் விசில் ஊதுகிறீர்கள், அதில் கோபம் இல்லை, வெட்கம் இல்லை. டெக்னிக்கலும் அதே ரூல் புக்கில் இருக்கும் ஒரு விசில்தான். இதை மனதில் ஏற்றிக்கொள்ள எனக்குத் தெரிந்த பல ரெஃப்ரிகளுக்கு இரண்டு மூன்று சீசன் பிடித்திருக்கிறது, நீங்கள் முதல் சீசனிலேயே இதைக் கேட்பது நல்லதுதான்.

நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, வெளிப்படையாகவே சொல்கிறேன். ஊரில் ஸ்கூல் மேட்ச் என்றால் பெஞ்சில் நிற்பவர் ஏதோ ஒரு ஸ்கூலின் பி.டி. சார். விசில் பிடிப்பவர் பல சமயம் இன்னொரு ஸ்கூலின் பி.டி. சார், இல்லையென்றால் அவரிடமே ஆடிப் பழகிய பையன். சார் குரலை உயர்த்தினால் தலை தானாகக் குனிந்துவிடும், 'இல்ல சார், கை பட்டுச்சு சார்' என்று விளக்கம் வேறு வரும். அந்தப் பழக்கம் விமானம் ஏறி நம்மோடு வந்துவிடுகிறது. இங்கேயும் கோச் பெரும்பாலும் அதே ஸ்கூலில் கணக்கோ வரலாறோ எடுக்கிற வாத்தியார்தான், வயதில் மூத்தவராக இருப்பார், ஊரே அவரைக் கொண்டாடும். இருக்கட்டும். கோர்ட்டுக்குள் அவர் 'கோச்', அவ்வளவுதான். மரியாதையாக அப்படியே கூப்பிடுங்கள், பெயர் சொல்லாதீர்கள், 'பட்டி' (நண்பா) என்றெல்லாம் உறவு கொண்டாடாதீர்கள். விளக்கம் கேட்காத இடத்தில் விளக்கம் கொடுக்காதீர்கள். பாதிப் பிரச்சினை நம் நீள நீளமான விளக்கத்தால்தான் வளர்கிறது.

அடுத்தது ரூல். ஊரில் ஃபீபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) விதியில் ஆடியிருப்பீர்கள், அந்த நினைப்பில் இருந்தால் டெக்னிக்கலின் கனம் பிடிபடாது. இப்போதைய ஃபீபா விதிப்படி டெக்னிக்கலுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடையில் போடுவது), அப்புறம் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். இங்கே ஹைஸ்கூல் ஆட்டத்துக்கு விதி எழுதுவது மாநில ஹைஸ்கூல் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, எல்லோரும் என்எஃப்எச்எஸ் என்றுதான் சொல்வார்கள். அதன்படி எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும் அவர்களுக்கே, நடுக்கோட்டுக்கு அருகில் த்ரோ-இன். இரண்டும் விழுந்து, அடுத்து ஒரு மூன்று பாயின்ட் ஷாட்டும் விழுந்தால் ஒரே மூச்சில் ஐந்து. ஜேவி மேட்ச்சில் ஐந்து பாயின்ட் என்பது பாதி மேட்ச்.

ஆனால் கோச்சுக்கு உண்மையில் வலிப்பது அந்த ஐந்து இல்லை. முதல் டெக்னிக்கல் விழுந்ததும் கோச்சிங் பாக்ஸ் போய்விடும். அதாவது சைடுலைன் ஓரமாக அவர் நின்று, நடந்து, கை வீசி ஆட்டத்தை நடத்துகிற இடம், அதிகபட்சம் 28 அடி, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த உரிமை மேட்ச் முடியும் வரை திரும்பக் கிடைக்காது. டைம்-அவுட் கேட்க, அடிபட்ட பையனுக்குப் பதில் ஆள் அனுப்ப என்று சில காரியங்களுக்கு எழலாம், மற்றபடி உட்கார்ந்தே இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி கோச்சிங் பண்ணச் சொன்னால் அவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இன்னொன்று, அசிஸ்டன்ட் கோச்சோ பெஞ்சில் இருக்கும் பையனோ டெக்னிக்கல் வாங்கினால் ஹெட் கோச் கணக்கிலும் ஒரு மறைமுக டெக்னிக்கல் ஏறும். நேரடியாக இரண்டு, அல்லது இரண்டு வகையும் சேர்த்து மூன்று வந்தால் வெளியே போக வேண்டியதுதான். மறைமுகமாக ஒன்று வந்தாலும் பாக்ஸ் போச்சு. அசிஸ்டன்ட் வாயைத் திறந்தால் ஹெட் கோச் ஏன் திரும்பி முறைக்கிறார் என்று இப்போது புரியும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு படி இருக்கிறது. புது ரெஃப்ரிகள் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. அதிகாரபூர்வ எச்சரிக்கை. விசில் ஊதி, கையை நீட்டி நிறுத்தும் சைகை காட்டி, ஸ்கோர் டேபிளில் சொல்லி ஸ்கோர்புக்கில் எழுத வைத்து, ஹெட் கோச்சிடமும் சொல்லிவிடுவது. புள்ளி இழப்பு இல்லை, பாக்ஸ் போகாது. ஆனால் ஜிம்மில் இருக்கும் எல்லோருக்கும், முக்கியமாக எதிர் பெஞ்சுக்கும், கோடு எங்கே போடப்பட்டது என்று தெரிந்துவிடும். அடுத்த தடவை டெக்னிக்கல் கொடுத்தால் 'திடீரென்று கொடுத்துவிட்டான்' என்று யாராலும் சொல்ல முடியாது. எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் டெக்னிக்கல் கொடுக்கலாம் என்று விதி இல்லை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தப்புக்கு நேராகவே போகலாம்.

சரி, தினமும் நடக்கிற விஷயத்துக்கு வருவோம். பெஞ்சிலிருந்து வருகிற சத்தத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேள்வியாக இருந்தால் பதில் சொல்லுங்கள். வெறும் அபிப்பிராயமாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது தொடர்கதையானால் நிறுத்துங்கள். உங்களைப் பற்றியதாக இருந்தால் விசில். இந்தப் பிரிவினையை நான் கண்டுபிடிக்கவில்லை, நல்ல ரெஃப்ரிகள் எல்லோரும் ஏதோ ஒரு வார்த்தையில் இதைத்தான் சொல்வார்கள். கஷ்டம் என்னவென்றால், மூன்றும் ஒரே குரலில், ஒரே சத்தத்தில், சில சமயம் ஒரே வாக்கியத்தில் வரும். அதனால் சத்தத்தைக் கேட்காதீர்கள், வார்த்தையைக் கேளுங்கள். தொண்டை கிழியக் கத்தி 'வாட் டிட் ஹி டூ?' என்பவர் கேள்வி கேட்கிறார். மெதுவாகச் சிரித்துக்கொண்டே 'ஹவ் மச் ஆர் தே பேயிங் யூ?' என்பவர் உங்கள் நேர்மையைத் தொடுகிறார். முதலாமவருக்குப் பதில், இரண்டாமவருக்கு டெக்னிக்கல். புதுசாக வந்தவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜேவி மேட்ச், நீங்களும் பார்ட்னரும் இரண்டே பேர். ஃபாஸ்ட் பிரேக்கில் எதிரணிப் பையன் பாய்ந்து வருகிறான், ஹோம் டீம் டிஃபெண்டர் குறுக்கே வந்து மோதி விழுகிறான், நீங்கள் டிஃபெண்டர் மேல் பிளாக் ஃபவுல் கொடுக்கிறீர்கள். ஹோம் கோச் துள்ளிக் குதித்து 'ஹி வாஸ் செட்!' என்கிறார். டேபிளில் ரிப்போர்ட் பண்ணும்போது அவரைப் பார்க்காதீர்கள், நம்பரைத் தெளிவாக, நிதானமாகச் சொல்லுங்கள். அவசர அவசரமாக ரிப்போர்ட் பண்ணுகிறவனைப் பார்த்தால் கோச்சுக்கு 'இவனுக்கே நம்பிக்கை இல்லை' என்று தோன்றிவிடும். அப்புறம் ஃப்ரீ த்ரோவுக்கு நிற்கும்போது அவர் பெஞ்சுக்கு ஏழெட்டு அடி தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர் குரலைக் கொஞ்சம் இறக்கி, 'வாட் டிட் ஹி டூ ராங்?' என்று கேட்கிறார்.

கண்ணைக் கோர்ட்டிலேயே வைத்துக்கொண்டு, 'கோச், ஹி வாஸ் மூவிங் இன்டு ஹிம் அட் கான்டாக்ட்' என்று சொல்லுங்கள். அத்தோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் 'நோ, ஹி வாஸ் செட்' என்பார். 'ஐ ஹியர் யூ, கோச்.' முடிந்தது. நீங்கள் மூன்றாவதாக ஒரு வாக்கியம் பேசினால் அது வாதம். வாதத்தில் அவருக்குத்தான் அனுபவம் அதிகம், அவர் வகுப்பில் முப்பது பிள்ளைகளை அடக்குகிறவர்.

கவனித்தீர்களா, அந்தப் பதிலில் என்ன நடந்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. 'தட்ஸ் எ ஃபவுல் கோச்' என்று சொல்வது பதில் இல்லை, அது அவருக்கே தெரியும், அதனால்தான் குதிக்கிறார். இடுப்பு முன்னால் வந்தது, கை மணிக்கட்டில் பட்டது, ஷூட்டர் காற்றில் எழும்பிய பிறகு இவன் அடியில் வந்தான், இப்படிக் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால் பாதிக் கோபம் இறங்கும். பார்க்காமல் ஊதியிருந்தால் சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது, அப்போது எந்தச் சாமர்த்தியமும் உதவாது. அதனால்தான் கோச்சைச் சமாளிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் எங்கே நிற்கிறாய், எந்தக் கோணத்தில் பார்க்கிறாய் என்று கேட்பேன். இருவருக்கும் நடுவே இடைவெளி தெரிகிற இடத்தில் நிற்கிற ரெஃப்ரியிடம் கோச் குறைவாகத்தான் கத்துவார். அரைக் கோர்ட் தூரத்திலிருந்து ஊதினால் சரியான ஃபவுலுக்கும் திட்டு விழும்.

கோச்களின் கோபத்தில் ஒரு பெரிய பங்கு டிவியிலிருந்து வருகிறது. என்பிஏ பார்த்துவிட்டு வந்து கூடைக்குக் கீழே இருக்கும் அரைவட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஹைஸ்கூல் விதியில் அந்த அரைவட்டமே கிடையாது. டிஃபெண்டர் சிலை மாதிரி நிற்க வேண்டும் என்பார்கள். அப்படி இல்லை, இரண்டு காலும் தரையில், உடம்பின் முன்பக்கம் ஆளைப் பார்த்தபடி ஒரு தடவை சரியான நிலைக்கு வந்துவிட்டால், அதன் பிறகு பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம். 'ஓவர் தி பேக்' என்று ஒரு ஃபவுல் ரூல் புக்கில் எங்கேயும் இல்லை, உயரமான பையன் பின்னாலிருந்து யாரையும் இடிக்காமல் ரீபவுண்ட் எடுத்தால் அது நல்ல ரீபவுண்ட். பந்தின் மேல் இருக்கும் கையில் அடித்தால் அதுவும் ஃபவுல் இல்லை, கை அந்த நேரத்தில் பந்தின் பகுதி. இதையெல்லாம் மேட்ச் நடுவில் வகுப்பு எடுக்காதீர்கள். 'நோ கான்டாக்ட், கோச்' போதும். ஆனால் உங்களுக்கு ரூல் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இருபது வருடம் கோச்சாக இருப்பவர்களில் சிலர் உங்களை விட நன்றாகவே ரூல் படித்திருப்பார்கள், அவர்கள் கேட்கிற கேள்வியில் விஷயம் இருக்கும்.

அந்த மாதிரி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃப்ரீ த்ரோ கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காதது, கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுத்தது, தப்பான ஆளை ஷூட் பண்ண விட்டது, தப்பான கூடையில் ஷூட் பண்ண விட்டது, ஸ்கோரைத் தவறாகச் சேர்த்தது அல்லது ரத்து செய்தது, இந்த ஐந்தும் திருத்தக்கூடிய பிழைகள். குறிப்பிட்ட நேரத்துக்குள் கண்டுபிடித்தால் திருத்தியே ஆக வேண்டும். இதற்காக டைம்-அவுட் கேட்டு டேபிளுக்கு வந்து பேச கோச்சுக்கு உரிமை உண்டு. அவர் சொல்வது தப்பாக இருந்தால் அந்த டைம்-அவுட் அவர் கணக்கில் போகும். ஆகவே ஒருவர் கையைக் காட்டி 'தப்பான பையன் ஷூட் பண்ணினான்' என்று சொன்னால், முன்னால் எவ்வளவு கத்தியிருந்தாலும் சரி, போய் நின்று முழுசாகக் கேளுங்கள். கத்துகிற கோச் என்று முத்திரை குத்திவிட்டு அவர் சொல்கிற உண்மையையும் தள்ளிவிடும் ரெஃப்ரிகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமான காரியம் இல்லை.

பேச்சில் தவிர்க்க வேண்டியவை கொஞ்சம். 'காம் டவுன்' என்று சொல்லாதீர்கள், உலகத்தில் யாரும் அதைக் கேட்டு அமைதியானதில்லை. விரலை நீட்டாதீர்கள், உள்ளங்கையை அவர் முகத்துக்கு எதிரே காட்டாதீர்கள். முகத்துக்கு முகம் நேராக நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று இருவரும் கோர்ட்டைப் பார்த்தபடி பேசினால் தொனி தானாக இறங்கும். சிரிக்காதீர்கள், பதற்றத்தில் வருகிற சிரிப்பு கேலியாகத் தெரியும். அப்புறம் பார்ட்னரைக் காட்டிக்கொடுக்காதீர்கள். 'அது என் முடிவு இல்லை கோச்' என்பது அழகான ஆங்கிலத்தில் சொன்னாலும் கோழைத்தனம். 'ஹி ஹேட் எ குட் லுக், கோச். ஆஸ்க் ஹிம் வென் ஹி கம்ஸ் அரவுண்ட்' என்று சொல்லலாம். உண்மையிலேயே நீங்கள் எதையோ தவறவிட்டது உங்களுக்கே தெரிந்தால் 'ஐ மே ஹேவ் மிஸ்ட் தட்' என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் மேட்ச்சுக்கு ஒரு தடவை. மூன்று தடவை சொன்னால் அவர் உங்களைப் பார்ப்பது மாறிவிடும்.

இப்போது டெக்னிக்கல். கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் எப்படிக் கொடுக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். எதிரணிப் பையன் லே-அப் போடப் போகிற நேரமாக இருந்தால் விசிலை அடக்கிக்கொள்ளுங்கள், அது விழுகிறதா இல்லையா என்று தெரிந்த பிறகு ஊதுங்கள். இல்லையென்றால் கத்தியதற்குப் பரிசாக அவருக்கே இரண்டு பாயின்ட் மிச்சம் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகும். ஊதியதும் ஒரு நொடி நில்லுங்கள். நெஞ்சு உயரத்தில் கையை வைத்து டெக்னிக்கலுக்கான 'டி' எழுத்தைக் காட்டுங்கள், தலைக்கு மேலே தூக்கி அவர் மூஞ்சியை நோக்கி வீச வேண்டாம். நடந்து போய் டேபிளில் சொல்லுங்கள், பிறகு பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். பாக்ஸ் போய்விட்டது, உட்கார வேண்டும் என்று கோச்சிடம் சொல்வது உங்கள் பார்ட்னர் வேலை. கொடுத்தவரே போய் விளக்கினால் இரண்டாவது டெக்னிக்கல் அரை நிமிடத்தில் வந்து நிற்கும்.

அந்த அரை நிமிடம்தான் ஆபத்தான நேரம் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த சாட்சி 1985 பிப்ரவரி 23. இந்தியானா பல்கலைக்கழகமும் பர்டியூவும் ஆடிய மேட்ச். அது காலேஜ் ஆட்டம், இருந்தாலும் பாடம் ஒன்றுதான். இந்தியானா கோச் பாப் நைட் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக் கோர்ட்டுக்கு குறுக்கே எறிந்தாரே, அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பலர் நினைப்பது நாற்காலி எறிந்ததற்கு அவருக்கு டெக்னிக்கல் விழுந்தது, கதை முடிந்தது என்று. நாற்காலிக்கு முன்னாலேயே ஒரு டெக்னிக்கல் விழுந்துவிட்டது. அதற்கான ஃப்ரீ த்ரோ போட பர்டியூவின் ஸ்டீவ் ரீட் தயாராகும்போதுதான் நாற்காலி பறந்தது. மொத்தம் மூன்று வாங்கி வெளியேறினார். ஆகவே முதல் டி-க்குப் பிறகு பந்து மறுபடி உயிர்பெறும் வரை, ஒரு ரெஃப்ரியின் கண் அந்த பெஞ்ச் மேல் இருந்தாக வேண்டும். அவர் முறைத்தால் முறைக்கட்டும், உட்கார்ந்துகொண்டு முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், அந்தக் கொஞ்ச நேரம் காதைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். எழுந்து வந்தால் மட்டும் விடாதீர்கள்.

(சரித்திரத்தில் ஒரு வேடிக்கை: 1948-49 சீசனுக்கு முன்பு வரை காலேஜ் விதிகளில் டைம்-அவுட் நேரத்தில்கூட கோச் தன் ஆட்களிடம் பேச அனுமதி இல்லை. அந்தக் கால ரெஃப்ரிகளை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.)

எச்சரிக்கையே இல்லாமல் நேராகப் போக வேண்டியவையும் உண்டு. உங்களைப் பார்த்துக் கெட்ட வார்த்தை. நேர்மையைச் சந்தேகிப்பது. கோர்ட்டுக்குள் இறங்கி வருவது. கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி உசுப்பேற்றுவது. எதிரணிப் பையனை ஏதாவது சொல்வது. இதில் கடைசிக்கு இரக்கமே காட்டாதீர்கள், பதினைந்து வயதுப் பிள்ளையை ஒரு பெரியவர் வாய்க்கு வந்தபடி பேசுவதை நிறுத்த அந்த இடத்தில் உங்களைத் தவிர ஆள் இல்லை. நம் உச்சரிப்பைக் கேலி செய்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும். 'வாட்? ஸ்பீக் இங்லிஷ்' என்று ஒருவர் சொன்னால் சிரித்து மழுப்பிவிட்டுப் போவது நம் வழக்கம். வேண்டாம். ரெஃப்ரியை அவமரியாதையாகப் பேசுவது என்று ரூல் புக்கில் எழுதியிருக்கிறது, அதற்கு விலை இரண்டு ஷாட்டும் பந்தும். உண்மையிலேயே புரியாமல் கேட்டால் அது வேறு, நம்பரை இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லி விரலிலும் காட்டுங்கள்.

சில கோச்கள் வேண்டுமென்றே டெக்னிக்கல் வாங்குவார்கள். டீம் தூங்கிக்கொண்டிருக்கும், பையன்களை உசுப்பேற்ற ஒரு டி தேவைப்படும். வாங்கத்தானே வந்திருக்கிறார், கொடுக்காமல் பழிவாங்கலாம் என்று நினைக்காதீர்கள். கொடுத்துவிட்டு நகருங்கள். இன்னும் சிலருக்குத் தன் டீம் மேல்தான் கோபம், பையனைத் திட்ட மனசில்லாமல் உங்களைத் திட்டுவார்கள். இருபத்தைந்து பாயின்ட் பின்தங்கியிருக்கும்போது பெஞ்சிலிருந்து வருவதில் பெரும்பாலும் இந்த வகைதான், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம்.

அசிஸ்டன்ட் கோச் விஷயம் சுலபம். நிற்கிற உரிமை ஹெட் கோச்சுக்கு மட்டும்தான். அசிஸ்டன்ட் எழுந்து கத்தினால் அவரிடம் பேசாதீர்கள், ஹெட் கோச்சிடம் போய் 'கோச், ப்ளீஸ் டேக் கேர் ஆஃப் யுவர் அசிஸ்டன்ட்' என்று ஒரு தடவை சொல்லுங்கள். பத்தில் ஒன்பது தடவை அவர் பார்த்துக்கொள்வார், தன் பாக்ஸ் போய்விடுமே என்ற பயம் இருக்கிறது அல்லவா. கேலரியில் கத்துகிற அப்பா அம்மாக்கள் உங்கள் வேலையே இல்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். எல்லை மீறினால் டெட் பால் (ஆட்டம் நின்றிருக்கிற) நேரத்தில் ஸ்கூல் சார்பில் நிற்கிற நிர்வாகியைக் கூப்பிட்டு அந்த ஆளைக் காட்டுங்கள், மிச்சம் அவர் பாடு. நம் தமிழ் அப்பாக்களும் இப்போது கேலரியில் நன்றாகவே கத்துகிறார்கள், அது இன்னொரு நாள் பேச வேண்டிய கதை.

மேட்ச்சுக்கு முன்னால் பார்ட்னரோடு பேசும்போது இதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டால் எச்சரிக்கை, எதைக் கேட்டால் டி. ஒருவர் எல்லாவற்றையும் விழுங்குகிறார், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் ஊதுகிறார் என்றால் கோச் விழுங்குகிறவரைத் தேடிப் போவார். பார்ட்னரைப் பற்றி உங்கள் காதில் விழ மோசமாகப் பேசினால் அதற்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அவர் வந்து கொடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018-19 சீசனுக்குப் பிறகு நாடு முழுவதும் சுமார் 50,000 பேர் ஹைஸ்கூல் ரெஃப்ரி வேலையை விட்டுவிட்டார்கள் என்று என்எஃப்எச்எஸ் 2022-இல் சொன்னது. கொரோனாவும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, 2017-இல் ரெஃப்ரிகளின் தேசியச் சங்கம் 17,000 பேருக்கு மேல் கேட்டு எடுத்த கணக்கில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மைதான ஒழுக்கம் மோசமாகிக்கொண்டே போகிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆள் பற்றாக்குறை வந்ததும் சில இடங்களில் மேட்ச் ஒதுக்குகிறவர்களே 'கொஞ்சம் அனுசரித்துப் போ' என்று காதைக் கடிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செவ்வாய்க்கிழமை ரெஃப்ரி அனுசரித்துப் போனதை வெள்ளிக்கிழமை ரெஃப்ரி தலையில் கட்டுகிறார்கள். 'போன மேட்ச்சில் இதையே சொன்னேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லையே' என்று கோச் ஆச்சரியப்படுவது நடிப்பில்லை, உண்மையிலேயே அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோச்களை விட நம் ஆட்கள் மேல்தான் எனக்கு இதில் வருத்தம் அதிகம்.

மேட்ச் முடிந்ததும் நிற்காதீர்கள். பார்ட்னரோடு சேர்ந்தே கிளம்புங்கள். கோர்ட் கண்ணில் படுகிற இடத்தைத் தாண்டும் வரை உங்கள் அதிகாரம் தொடர்கிறது, அதாவது கடைசி பஸ்ஸருக்குப் பிறகும் டெக்னிக்கல் கொடுக்க முடியும், அந்த நிலைமை வராமல் இருக்கச் சிறந்த வழி வேகமாக நடப்பது. கை குலுக்கப் போய் நின்று பேச்சு வளர்த்துக்கொள்ள வேண்டாம். யாரையாவது வெளியேற்றியிருந்தால் அன்று இரவே ரிப்போர்ட் எழுதிவிடுங்கள். பல மாநிலங்களில் அவருக்கு அடுத்த மேட்ச் தடை என்று போகும், ஆகவே கேட்ட வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், 'மோசமாகப் பேசினார்' என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. 'கோபமாக வந்தார்' என்று எழுதாதீர்கள், 'பாக்ஸைத் தாண்டி ஆறடி உள்ளே வந்தார்' என்று எழுதுங்கள்.

உங்கள் 'யூ ஆர் கில்லிங் அஸ்' கோச்சுக்கு வருகிறேன். முதல் தடவை அது அபிப்பிராயம், விட்டுவிட்டது சரி. இரண்டாவது தடவை அடுத்த டெட் பாலில் பக்கத்தில் போய் நின்று 'ஐ ஹியர்ட் யூ, கோச். இஃப் யூ ஹேவ் எ கொஸ்டின், ஐ வில் ஆன்ஸர் இட்' என்று சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஒரு நிஜக் கேள்வி கேட்பார்கள், 'போஸ்டில் (கூடைக்குப் பக்கத்தில்) என் பையனைப் பிடித்து இழுக்கிறார்கள், பார்க்கிறீர்களா' என்பது மாதிரி. அது பயனுள்ள தகவல், அடுத்த மூன்று பொசெஷன் அங்கே ஒரு கண் வையுங்கள். கேள்வி இல்லாமல் மறுபடி அதே பாட்டு என்றால் 'தட்ஸ் இனஃப்' என்று சொல்லி எச்சரிக்கையை ஸ்கோர்புக்கில் ஏற்றுங்கள். அதற்கு மேலும் வந்தால் டி. இது எல்லாமே மூன்றாவது குவார்ட்டரின் முதல் நான்கு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும்.

அதே கோச் மேட்ச் இந்த சீசனிலேயே மறுபடி உங்களுக்கு விழும், சின்ன வட்டாரம்தான். மேட்ச்சுக்கு முந்தைய சந்திப்பில் கேப்டன்களும் இரண்டு கோச்சும் வருவார்கள், உடை விதிப்படி இருக்கிறதா, ஒழுங்காக ஆடுவார்களா என்று கேட்கிற வழக்கமான கேள்விகளைக் கேளுங்கள், கை குலுக்குங்கள், போன தடவை நடந்ததைப் பற்றி அவராக எடுத்தாலும் 'நியூ கேம், கோச்' என்று சொல்லிவிட்டு டேபிளுக்குப் போய் ஸ்கோர்புக்கைச் சரி பாருங்கள்.